நம்பர் பெரிதா, அடி பெரிதா? டி அண்ட் டி சண்டைத் திறன்களை அளந்து ஒப்பிடும் வழி

"மச்சான், என்ர ஃபயர்போல் 28 டேமேஜ். உன்ர வாள் வெறும் 11தானே?" வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ சனிக்கிழமை பின்னேரம் நாலு பேர் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டு) ஆடப் பகடையோடு உட்கார்ந்தால், பிளேன்டீ ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். 28 என்பதும் சரி, 11 என்பதும் சரி. ஆனால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது, புறக்கோட்டையில் ஒரு கடையின் கிலோ விலையையும் அடுத்த கடையின் டசின் விலையையும் ஒப்பிடுவது மாதிரி. ஃபயர்போல் என்ற நெருப்பு மந்திரம் ஒரு கூட்டத்தையே எரிக்கும், ஆனால் நாளுக்கு இரண்டு தடவைதான். வாள் ஒருவனைத்தான் வெட்டும். ஆனால் ரவுண்டுக்கு (எல்லாரும் ஒரு தடவை ஆடி முடிக்கும் சுற்று) இரண்டு தடவை, நாள் முழுக்க. அதுவும் பட்டால்தான்.

இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறோம். கணக்கு எல்லாம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கு. 2024இல் திருத்திய விதிகளில் சில திறன்கள் மாறிவிட்டன, முறை மாறவில்லை. சாதாரண தரத்தில் படித்த நிகழ்தகவும் சராசரியும் போதும்.

படி 1: மாறாத அளவுகளை முதலில் எழுதுங்கள்

இரண்டு திறன்களை ஒப்பிட வேண்டுமென்றால் லெவல், எதிரி, சண்டையின் நீளம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே நாம் எடுப்பது:

லெவல் 5. முக்கியப் பண்பு 18, அதாவது +4. பயிற்சி போனஸ் +3. ஆகவே அட்டாக் போனஸ் (அடிக்கும் பகடையோடு கூட்டும் எண்) +7; ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, தாங்க எதிரி எடுக்க வேண்டிய சேவ் எண் 8 + 3 + 4 = 15. எதிரியின் ஏசி (அடி படுவதற்குப் பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 15. சண்டை 4 ரவுண்ட்.

ஏசி 15 ஏன்? ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கான 2014 கைநூலில் அரக்கர்களை உருவாக்கும் அட்டவணை, சீஆர் 5 முதல் 7 வரைக்கும் ஏசி 15ஐத்தான் தருகிறது. (சீஆர் என்றதும் கொழும்பில் நினைவுக்கு வருவது தடித்த மட்டைக் கொப்பி. இங்கே அது அரக்கனின் கடினத் தரம். கணக்குப் போட அந்தக் கொப்பியே தாராளம்.) உங்கள் டிஎம் கவசம் போட்ட வீரர்களையே அதிகம் இறக்குகிறவர் என்றால் 17 என்று வையுங்கள், ஆனால் நடுவழியில் மாற்றாதீர்கள்.

படி 2: படும் வாய்ப்பு

ஏசியில் இருந்து அட்டாக் போனஸைக் கழியுங்கள்: 15 − 7 = 8. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 8 முதல் 20 வரை 13 முகங்கள். 13/20 = 65 சதவீதம். சூத்திரமாகச் சொன்னால் (21 − தேவையான எண்) ÷ 20.

அட்டாக்கில் 1 விழுந்தால் எப்போதும் தவறும், 20 விழுந்தால் எப்போதும் படும். ஆகவே வாய்ப்பு 5க்குக் கீழும் 95க்கு மேலும் போகாது. சேவில், அதாவது ஸ்பெல்லில் இருந்து தப்ப உருட்டும் பகடையில், இந்த விதி கிடையாது. 20 விழுந்தாலும் கூட்டுத்தொகை போதாவிட்டால் தோல்விதான். பல மேசைகளில் இதைக் கலந்து விளையாடுகிறார்கள். விளையாடுவது உங்கள் இஷ்டம், கணக்கில் மட்டும் கலக்காதீர்கள்.

அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) இருந்தால் இரண்டு பகடையும் தவறினால்தான் தவறு: 1 − 0.35 × 0.35 = 0.8775. கிரிட் (20 விழுந்து டேமேஜ் பகடை இரட்டிக்கும் அடி) வாய்ப்பும் 5இல் இருந்து 9.75 சதவீதமாகிறது.

படி 3: ஒரு ரவுண்டின் சராசரி

பகடைகளின் சராசரி: நாலு முகம் 2.5, ஆறு முகம் 3.5, எட்டு முகம் 4.5, பத்து முகம் 5.5, பன்னிரண்டு முகம் 6.5. கிரிட்டில் பகடை மட்டும் இரட்டிக்கும், போனஸ் இரட்டிக்காது. எனவே ஓர் அட்டாக்கின் பெறுமானம்:

படும் வாய்ப்பு × (பகடைச் சராசரி + போனஸ்) + கிரிட் வாய்ப்பு × பகடைச் சராசரி

ஃபைட்டர் என்ற போர்வீரனின் கிரேட்சோர்ட் (இரு கை வாள்): இரண்டு ஆறுமுகப் பகடை (7) + 4 = 11. 0.65 × 11 = 7.15, 0.05 × 7 = 0.35. கூட்டினால் 7.5. லெவல் 5இல் இரண்டு அட்டாக், ஆகவே ரவுண்டுக்கு 15.

வொர்லொக் என்ற மந்திரக்காரனின் எல்ட்ரிச் பிளாஸ்ட் (கதிர் ஸ்பெல்), கரிஸ்மாவை (அவனது முக்கியப் பண்பு) டேமேஜில் கூட்டும் இன்வொகேஷன் என்ற திறனோடு: ஒரு கதிர் 5.5 + 4. 0.65 × 9.5 + 0.05 × 5.5 = 6.45. இரண்டு கதிர், 12.9. ஹெக்ஸ் என்ற சாப ஸ்பெல்லும் போட்டால் ஒவ்வொரு கதிருக்கும் ஓர் ஆறுமுகப் பகடை கூடும், ரவுண்டுக்கு 17.8.

விஸார்ட் என்ற மந்திரவாதியின் ஃபயர்போல்ட் (ஃபயர்போல் அல்ல, ஸ்லொட் தேவையில்லாத சின்ன ஸ்பெல்) இரண்டு பத்துமுகப் பகடை, போனஸ் இல்லை: 7.7. ஸ்லொட் (பெரிய ஸ்பெல்களுக்கு நாளுக்கு இத்தனை என்ற பங்கு) முடிந்த விஸார்டின் உண்மையான சம்பளம் இதுதான்.

ரோக் (பதுங்கிக் குத்துபவன்) கொஞ்சம் வித்தியாசம். ஸ்னீக் அட்டாக் என்ற மேலதிக அடியின் மூன்று ஆறுமுகப் பகடை (10.5), அவன் ஆடும் ஒரு முறையில் ஒரு தடவைதான் சேரும். ஒரே குறுவாளால் குத்தினால் 0.65 × 18 + 0.05 × 14 = 12.4. இடது கையில் இன்னொன்று இருந்து, முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் அக்ஷனில் அதாலும் குத்தினால்? அந்த இரண்டாவது குத்துக்கு +4 கிடையாது, தனியாகப் பார்த்தால் அதன் பெறுமானம் வெறும் 2.45. "இதுக்குப் போய் போனஸ் அக்ஷனைச் செலவழிக்கிறதா?" என்று கேட்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதல் குத்துத் தவறினாலும் இரண்டாவதில் ஸ்னீக் சேரலாம். அது சேரும் வாய்ப்பு 65இல் இருந்து 87.75 சதவீதமாகிறது. அதனால் ஸ்னீக்கின் பங்கு மட்டும் 7.35இல் இருந்து 9.9க்கு ஏறும். மொத்தம் 17.4. இரண்டாவது வாள் தருவது 2.45 அல்ல, 5. ஒரு திறனை அது தனியாகச் செய்வதை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த விளையாட்டில் இல்லை.

படி 4: "குறைத்துக் கூட்டும்" திறன்கள்

கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் (விரும்பி எடுக்கும் சிறப்புத் திறன்): அட்டாக்கில் 5 குறைத்தால் டேமேஜில் 10 கூடும். (2024 விதிகளில் இந்தப் பேரம் எடுக்கப்பட்டுவிட்டது, பழைய விதிகளில் ஆடும் மேசைகளுக்கு இன்னும் உண்டு.) ஏசி 15க்கு எதிராக வாய்ப்பு 40 சதவீதமாக விழும்: 0.40 × 21 + 0.35 = 8.75. சாதாரணம் 7.5. ஆகவே லாபம். ஏசி 17இல் 6.65க்கு 6.4, ஏறக்குறைய சமம். ஏசி 18இல் 5.6க்கு 5.85, நட்டம்.

ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, எல்லையைக் கண்டுபிடித்து வையுங்கள். சாதாரணமாகப் படும் வாய்ப்பு ப என்றால், ப × 11 = (ப − 0.25) × 21. தீர்த்தால் ப = 0.525. 52.5 சதவீதத்துக்கு மேல் படக்கூடிய எதிரி என்றால் 5ஐக் குறையுங்கள். இது இந்த வாளுக்கும் இந்த +4க்கும் உரிய எல்லை. வாளில் மந்திர போனஸ் ஏறினால் திரும்பத் தீர்க்க வேண்டும்.

அட்வான்டேஜ் கிடைத்தால் கதையே மாறும்: சாதாரணம் 10.3, குறைத்தால் 14.1. நண்பன் எதிரியைக் கீழே விழுத்திவிட்டானா? குறையுங்கள்.

படி 5: பரப்பை அடிக்கும் ஸ்பெல்கள்

ஃபயர்போல்: எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எதிரியின் டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவ் +1 என்றால் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். தப்பும் வாய்ப்பு 35 சதவீதம், தப்பினாலும் பாதி. 0.65 × 28 + 0.35 × 14 = 23.1. இதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

சண்டை பிடிப்பது இந்த "எத்தனை பேர்" என்பதில்தான். 20 அடி ஆரம் என்றால் சுமார் 1,250 சதுர அடி. வெள்ளவத்தையில் மூன்று அறை ஃபிளாட் ஒன்று, ஹோல் குசினி எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். டிஎம் கைநூல் தரும் பெருவிரல் விதி, கோளத்தின் ஆரத்தை 5ஆல் வகுப்பது: 4 பேர். அது திறந்த வெளிக்குச் சரி. இரண்டாம் ரவுண்டில் உங்கள் ஃபைட்டரும் அதே ஃபிளாட்டுக்குள் நிற்பான். ஆகவே 3 என்று வைப்பதே எங்கள் வழக்கம். 23.1 × 3 = 69.3.

படி 6: மிச்சமாகும் அடியைக் கழியுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இது. எதிரிக்கு இருப்பதைவிட அதிகமாக அடித்தால் மிச்சம் வீண்.

கொப்ளின் (சின்ன அரக்கன்) ஒன்றின் ஏசி 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. நாலு கொப்ளின் மேல் ஃபயர்போல் விழுந்தால், கடதாசிக் கணக்கு சேவ் எல்லாம் சேர்த்து 89.6 காட்டும். உண்மையில் நடந்த வேலை 28. ஏனென்றால் அவற்றிடம் மொத்தமாக இருந்ததே அவ்வளவுதான்.

அதே கொப்ளினை ஃபைட்டர் வெட்டினால்? படி 4இன் கணக்குப்படி, ஏசி 15க்கு எதிராக 5ஐக் குறைப்பது லாபம். ஆனால் சாதாரண வெட்டே குறைந்தது 6, 36இல் 35 தடவை 7 அல்லது அதற்கு மேல். ஒரு வெட்டில் கொப்ளின் சாகும் வாய்ப்பு சாதாரணமாக 63 சதவீதம். 5ஐக் குறைத்தால் 40. சராசரி டேமேஜ் கூடியது, செத்த கொப்ளின் குறைந்தது. ஆகவே சின்ன எதிரிகளுக்கு "சராசரி டேமேஜ்" என்ற நிரலை மூடிவிட்டு, "எத்தனை அடியில் விழும்" என்ற நிரலைத் திறவுங்கள்.

படி 7: எதிரியின் முறைகளை எண்ணுங்கள்

ஒரு ஹிட் பாயிண்ட் மிச்சமிருக்கும் ஓகரும் (பெரிய அரக்கன்) முழு ஓகர் மாதிரியே அடிக்கும். டேமேஜ் என்பது எதிரியை அகற்றுவதற்கான ஒரு வழி மட்டும். அகற்றுவதைத்தான் அளக்க வேண்டும். அதற்கு நல்ல அலகு, சண்டை முடிவதற்குள் எதிரிக்குக் கிடைத்த முறைகளின் எண்ணிக்கை.

மூன்று ஓகர் எடுப்போம். ஒவ்வொன்றும் ஏசி 11, ஹிட் பாயிண்ட் 59. ஏசி 11க்கு எதிராக மேலே சொன்ன ஃபைட்டர் (ஃபீட் இல்லாமல்) 19.4, ஹெக்ஸோடு வொர்லொக் 23, இரு குறுவாள் ரோக் 20.6. கூட்டு 63, ரவுண்டுக்கு ஓர் ஓகர் விழும். நம் ஆட்கள் முதலில் ஆடுகிறார்கள், எல்லாரும் ஒரே ஓகரைக் குறி வைக்கிறார்கள் என்று வையுங்கள். விஸார்ட் முதல் ரவுண்டில் ஒரு ஸ்பெல் போட்டு, பிறகு சும்மா நிற்கிறான்.

விஸார்ட் ஒன்றுமே செய்யாவிட்டால்: முதல் ரவுண்டில் 2 ஓகர் அடிக்கும், அடுத்ததில் 1, பிறகு இல்லை. மொத்தம் 3 முறை.

ஃபயர்போல் போட்டால்: ஓகரின் டெக்ஸ் −1, தப்பும் வாய்ப்பு 25 சதவீதம், தலைக்கு 24.5 போகும், 34.5 மிஞ்சும். முதல் ரவுண்டில் ஒன்று விழும், இரண்டாவது 6 ஹிட் பாயிண்டோடு தள்ளாடும். ஆனால் இரண்டும் அடிக்கும். அடுத்த ரவுண்டில் எல்லாம் முடிந்தது. மொத்தம் 2 முறை.

எதிரிகளை மயக்கி நிறுத்தும், அடிபட்டால் கலையும் ஹிப்னொட்டிக் பட்டர்ன் போட்டால்: டேமேஜ் பூச்சியம். ஓகரின் விஸ்டம் −2, சிக்கும் வாய்ப்பு 80 சதவீதம். மூன்றில் குறைந்தது இரண்டு சிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 90. சிக்காத ஒன்றை முதல் ரவுண்டில் வெட்டலாம், மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக எழுப்பி, எழுப்பிய ரவுண்டிலேயே முடிக்கலாம். சராசரி அதிர்ஷ்டத்தில் ஓகருக்குக் கிடைப்பது 0 முறை, பகடை கைவிட்டால் 1 அல்லது 2.

ஓகரின் ஒரு முறைக்கு என்ன விலை? அட்டாக் +6, சராசரி 13. ஏசி 18 ஃபைட்டர் மேல் 6.3, ஏசி 12 விஸார்ட் மேல் 10.2. இந்த விலையால் பெருக்கினால் டேமேஜ் இல்லாத ஸ்பெல்லும் ஹிட் பாயிண்ட் கணக்குக்குள் வந்துவிடும்.

கவனிக்க: ஓகருக்குப் பதிலாக எட்டுக் கொப்ளின் நெருங்கி நின்றால் முடிவு தலைகீழ். ஃபயர்போல் அங்கேயே அவற்றின் எல்லா முறைகளையும் எடுத்துவிடும். பட்டர்னோ ஒரு நிமிடக் கடன்தான். அதுவும் பட்டர்னில் சிக்கியவற்றின் நடுவில் யாராவது இன்னொரு பரப்பு ஸ்பெல்லைப் போட்டால், அடிபட்டவை எல்லாம் விழித்துக்கொள்ளும். ஸ்பெல்லைக் குறை சொல்லாதீர்கள். மேசையில் ஒருவருக்கொருவர் பேசவில்லை, அவ்வளவுதான்.

படி 8: ஒரு நாளுக்குப் பரப்புங்கள்

லெவல் 5 விஸார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லொட் 2. குறு ஓய்வு (சண்டைகளுக்கு நடுவில் எடுக்கும் இடைவேளை) கிடைத்தால் ஆர்கேன் ரிகவரி என்ற திறனால் இன்னொன்று. ஃபைட்டருக்குக் குறு ஓய்வுக்கு ஓர் அக்ஷன் சர்ஜ் (மேலதிகச் செயல்), அதாவது மேலதிகமாக 15.

நாள் ஒன்று: 2 சண்டை, 8 ரவுண்ட், குறு ஓய்வு இல்லை. விஸார்ட் 2 ஃபயர்போல், 6 ஃபயர்போல்ட்: (138.6 + 46.2) ÷ 8 = 23.1. ஃபைட்டர் (120 + 15) ÷ 8 = 16.9.

நாள் இரண்டு: 6 சண்டை, 24 ரவுண்ட், இரண்டு குறு ஓய்வு. விஸார்ட் 3 ஃபயர்போல், 21 ஃபயர்போல்ட்: (207.9 + 161.7) ÷ 24 = 15.4. ஃபைட்டர் (360 + 45) ÷ 24 = 16.9. நூல் பிடித்த மாதிரி அதே எண்.

விஸார்டின் கீழ்நிலை ஸ்லொட்களை இதில் சேர்க்கவில்லை. அவற்றைப் பெரும்பாலும் ஷீல்ட் போன்ற தற்காப்புக்கே செலவழிப்பார்கள். 2014 கைநூல் ஒரு நாளுக்கு 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினச் சண்டைகளை நினைத்து எழுதப்பட்டது. மூன்று மணி நேரத்தில் எழும்பி, காலி வீதி நெரிசலுக்கு முன் வீடு போக வேண்டிய மேசையில் இரண்டு சண்டை முடிந்தாலே பெரிய காரியம். பிறகு எல்லாருக்கும் செலவழித்ததை மீட்கும் நெடு ஓய்வு. அந்த மேசையில் விஸார்டும், முழு பலத்தையும் ஒரேயடியாகக் கொட்டும் மற்றவர்களும் மிதப்பாகத் தெரிவார்கள். குறு ஓய்வில் ஸ்லொட் மீளும் வொர்லொக் இளைத்துத் தெரிவார். கோளாறு பாத்திர வகுப்பில் இல்லை, நாள் எண்ணும் விதத்தில் இருக்கிறது. அடுத்த வாரமும் அதே நாள்தான் என்று டிஎம் எழுதி வைத்தால் பாதி முறைப்பாடு போய்விடும்.

எங்கே பிழைக்கும்

நடந்து போகும் ரவுண்டை மறப்பது. எல்ட்ரிச் பிளாஸ்ட் 120 அடி போகும். வாள்காரன் ஒரு ரவுண்டை ஓடியே கழித்தால் 4 ரவுண்டுக்கு 45தான். சராசரி 15 அல்ல, 11.25. ஹெக்ஸ் இல்லாத வொர்லொக்கின் 12.9க்கும் கீழே.

கன்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லைப் பிடித்து வைத்திருக்கும் கவனம்; அடிபட்டால் சேவ் எடுக்க வேண்டும்) கடைசி வரை நிற்கும் என்று நினைப்பது. கொன் (உடல் உறுதி) +2 என்றால் சேவ் எண் 10ஐத் தாண்டும் வாய்ப்பு 65 சதவீதம். மூன்று அடிக்குப் பிறகும் ஸ்பெல் நிற்கும் வாய்ப்பு 0.65 × 0.65 × 0.65, அதாவது 27 சதவீதம்தான். ஹெக்ஸுக்கும் பட்டர்னுக்கும் இதைக் கழிக்க வேண்டும்.

போனஸ் அக்ஷனை இரண்டு தடவை செலவழிப்பது. ஹெக்ஸைப் புது எதிரிக்கு மாற்றுவதும் இடது கைக் குத்தும் ஒரே போனஸ் அக்ஷனில் நடக்காது.

சராசரியை வாக்குறுதியாக எடுப்பது. 65 சதவீதத்தில் இரண்டு அட்டாக் என்றால், இரண்டும் தவறும் வாய்ப்பு 12 சதவீதம். எட்டு ரவுண்டில் ஒன்று அப்படிப் போவது சாதாரணம். பகடையை மாற்றத் தேவையில்லை.

ஷீட்டைச் சரிபார்த்தல்

கூகுள் ஷீட்ஸில் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு நிரை. நிரல்கள்: அட்டாக் போனஸ், எதிரி ஏசி, படும் வாய்ப்பு, பகடைச் சராசரி, போனஸ், அட்டாக் எண்ணிக்கை, ஆட்கள், எதிரி ஹிட் பாயிண்ட், நாளுக்கு எத்தனை தடவை. ஏசியைத் தனிக் கட்டத்தில் வைத்து, எல்லா நிரையும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள். 13, 15, 17 என்று மாற்றிப் பார்ப்பதற்கு.

முதல் நிரையில் மேலே உள்ள கிரேட்சோர்டைப் போட்டுச் சோதியுங்கள். ஓர் அட்டாக்குக்கு 7.5 வர வேண்டும். 7.7 வந்தால் கிரிட்டில் +4ஐயும் இரட்டித்திருக்கிறீர்கள். 7.15 வந்தால் கிரிட்டையே சேர்க்கவில்லை. 6.95 வந்தால் 21க்குப் பதிலாக 20இல் இருந்து கழித்திருக்கிறீர்கள். 8.05 வந்தால் 22இல் இருந்து.